அளந்து பார்த்தால் மட்டும் போதுமா?

மே மாதம் பிறந்தால் கல்யாணில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் இரண்டு கவலைகள். ஒன்று, ஊருக்குப் போக ரயில் டிக்கெட். மற்றொன்று, பிள்ளைகளின் ரிசல்ட். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் முதல் கவலையோடு என்னிடம் வருபவர்கள் உண்டு. 2024ஆம் ஆண்டு மே மாதம் ஒரு மாலை, சைக்கிளில் இட்லி விற்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தபோதும் டிக்கெட் விஷயம் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணாச்சி, பய அஞ்சாங் கிளாஸ்ல பெயிலாயிட்டான். இப்பல்லாம் எட்டு வரைக்கும் பெயில் போட மாட்டாங்கன்னு சொன்னாங்களே?" என்றார். பின்னால் பையன் தலை குனிந்து நின்றான்.

அவர் சொன்னதில் தவறில்லை. சட்டம் மாறியதுதான் அவருக்குத் தெரியவில்லை. நம்மில் பலருக்கும் தெரிந்திருக்காது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019இல் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. ஐந்திலும் எட்டிலும் ஆண்டுத் தேர்வு வைக்க வேண்டும்; தவறிய பிள்ளைக்குக் கூடுதலாகப் பாடம் நடத்தி, இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும்; அதிலும் தவறினால் நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த அரசு முடிவு செய்யலாம் என்றானது. மகாராஷ்டிர அரசு 2023இல் தன் விதிகளைத் திருத்தி அந்தத் தேர்வைக் கொண்டு வந்தது. மத்திய அரசு தன் பொறுப்பில் உள்ள பள்ளிகளுக்கு 2024 டிசம்பரில் அதே வழியை அறிவித்தது. தமிழ்நாடு அரசோ, எட்டு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்ற பழைய முறையே தொடரும் என்று சொல்லிவிட்டது.

ஆக, ஊரில் இருக்கும் சித்தப்பா மகன் பாஸ். இங்கே இருக்கும் பெரியப்பா மகன் பெயில். எது சரி என்று நம் கூட்டங்களில் காரசாரமான விவாதம் நடக்கிறது. "பயம் இருந்தால்தான் படிப்பு வரும்" என்பது ஒரு கட்சி. "பிஞ்சு மனம் நோகக் கூடாது" என்பது எதிர்க்கட்சி. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பையனை உட்கார வைத்து, 403இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னேன். 375 என்று எழுதினான். எப்படி வந்தது என்று கேட்டேன். எட்டில் மூன்று போனால் ஐந்து, ஏழில் பூஜ்யம் போனால் ஏழு, நான்கில் ஒன்று போனால் மூன்று. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்ற கணக்கே இல்லை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறான். பிறகு தாளை ஓரமாக வைத்துவிட்டு, "அப்பா கையில் 403 ரூபாய் இருந்தது. அரிசியும் உளுந்தும் வாங்க 178 ரூபாய் கொடுத்தார். மிச்சம் எவ்வளவு?" என்று தமிழில் கேட்டேன். கண்ணை மேலே உருட்டினான். "225, தாத்தா" என்றான்.

கணக்கு அவனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அதைத் தாளில் எழுதும் முறையில் ஓரிடத்தில் கோளாறு. மூன்றாம் வகுப்பில் பிடித்திருக்க வேண்டிய கோளாறு. மூன்றிலும் நான்கிலும் அவனைத் தேர்ச்சி என்று மேலே அனுப்பினார்கள். ஐந்தில் தவறினான் என்று எழுதிக் கொடுத்தார்கள். கோளாறு எங்கே என்று இரண்டு காகிதத்திலும் ஒரு வார்த்தை கிடையாது.

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, முப்பது வருடத்துக்கு மேல் லோகோ ஷெட் வேலை பார்த்தவன். கல்யாணுக்கு அப்பால் ஒரு பாதை கசாரா வழியாக ஒரு மலையும், இன்னொரு பாதை கர்ஜத் வழியாக இன்னொரு மலையும் ஏறுகிறது. அந்த ஏற்றத்திலும் வளைவிலும் ஓடும் இன்ஜின் சக்கரத்தின் பிளாஞ்ச் தேயும். அதை அளக்க கேஜ் உண்டு. கேஜ் வைத்துப் பார்த்துத் தேய்மானம் தெரிந்தால், வீல் லேத்தில் போட்டுக் கடைந்து மறுபடியும் வடிவத்துக்குக் கொண்டு வருவோம். தேய்ந்த சக்கரத்தை அளக்காமல் ஓட விட்டால் விபத்து. அளந்து குறித்துக்கொண்டு, கடைசல் பிடிக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தால் இன்ஜின் ஷெட்டிலேயே நிற்கும். பள்ளிக்கூடத்தில் முதல் தவற்றைப் பத்து வருடம் செய்தோம். இப்போது இரண்டாவது தவற்றைச் செய்யப் போகிறோமோ என்பதே என் பயம்.

முதல் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. 2010இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பெண் குழந்தை ஒன்று எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தது. வருடாவருடம் "மாமா, பாஸாயிட்டேன்" என்று ஓடி வரும். வருடாவருடம் நான் ஒரு பேனா வாங்கிக் கொடுப்பேன். எட்டுப் பேனா கொடுத்தேன். ஒரு நாளாவது, "எங்கே, இந்தப் பக்கத்தைப் படி பார்ப்போம்" என்று கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் தவறிவிட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. இன்று ஒரு கடையில் துணி மடித்து வைக்கும் வேலை. பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே நலம் விசாரிக்கிறது. எனக்குத்தான் முகம் பார்த்துப் பேச முடியவில்லை.

நம் பிள்ளைகளுக்கு மொழி என்ற இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. ஆனால் தாராவியில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அந்த வசதி கல்யாண் பக்கம் சுலபமாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஆங்கிலம்தான் வேண்டும் என்கிறோம். 2025இல் ஒன்றாம் வகுப்பு முதல் இந்தி மூன்றாம் மொழி என்று மாநில அரசு ஆணை போட்டு, எதிர்ப்பு வலுத்ததும் ஜூன் 29 அன்று திரும்பப் பெற்றது. எத்தனை மொழி என்று ஊரே பேசியது. ஒரு மொழியிலாவது நம் பிள்ளை ஒரு பக்கத்தைத் தடங்கலின்றிப் படிக்கிறதா என்று எத்தனை வீட்டில் பார்த்தோம்?

கடைசல் பிடிக்கும் வழி தெரியாமல் இல்லை. நம் மும்பையிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். இந்நகரத்தின் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக 1990களின் நடுவில் தொடங்கப்பட்ட 'பிரதம்' என்ற அமைப்பு, மாநகராட்சிப் பள்ளிகளில் 'பால்சகி' என்ற திட்டத்தை நடத்தியது. பால்சகி என்றால் குழந்தையின் தோழி. அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள்தான் அவர்கள். ஆரம்பத்தில் கிடைத்த பயிற்சி இரண்டு வாரம்தான். மூன்று, நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைத் தனியே அழைத்துப் போய், தினமும் இரண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார்கள். 2001 முதல் மும்பையிலும் வடோதராவிலும் இதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்ளோவும் இருந்தார்கள். 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்களே, அவர்கள்தான். பால்சகியிடம் போன பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். வகுப்பிலேயே தங்கிய பிள்ளைகளுக்கு, கூட்டம் குறைந்தும், குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது. பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே அதிலிருந்து நான் கற்றது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்தினார்கள். அரும்பில் இருக்கும் குழந்தை பெயில் ஆகவில்லை. ஆனால் அது அரும்பில் இருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும்.

டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டில் இந்தக் கடைசல் வேலையை டியூஷன் வாத்தியார் செய்துவிடுகிறார். காலை நான்கு மணிக்கு மாவு எடுத்து இட்லி ஊற்றும் வீட்டில் யார் செய்வது? ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள் என்பதால் மட்டும் சமநீதி வந்துவிடாது. தேர்வுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் நேரம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. மறுதேர்வுக்கு முன் கூடுதல் பாடம் நடத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை நடத்தினீர்களா என்று பள்ளியில் போய்க் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. நாம் கேட்பதில்லை.

இட்லிக்காரர் மகன் தினமும் மாலை ஆறு மணிக்கு வந்தான். நூறு, பத்து, ஒன்று ரூபாய்த் தாள்களைப் பரப்பி வைத்து, பத்து ரூபாய் இல்லாதபோது நூறை எப்படிச் சில்லறை மாற்றுவது என்று காட்டினேன். மூன்றாம் நாள் அவனே, "இதைத்தான் கடன் வாங்கிக் கழிக்கிறதுன்னு டீச்சர் சொன்னாங்களா, தாத்தா?" என்றான். மறுதேர்வில் கணக்கில் தேறினான். ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறித்தான் கரையேறினான்; இன்னும் அதில் வேலை பாக்கி இருக்கிறது.

நம் சங்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1932இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நம் முன்னோர் தொடங்கியபோது பெரிய கட்டிடங்களா இருந்தன? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், ஒரு கூடம், கொஞ்சம் பழைய புத்தகங்கள் போதும். வரும் பிள்ளையை என்ன வகுப்பு என்று கேட்க வேண்டாம். ஒரு பக்கம் படிக்கச் சொல்லுவோம், ஒரு கழித்தல் போடச் சொல்லுவோம். நிற்கும் இடத்திலிருந்து கூட்டிப் போவோம். விருப்பமுள்ளவர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் பெயர் கொடுங்கள். முதல் பெயராக என் பெயரைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.