100 கிராமில் பறிபோன ஒலிம்பிக் பதக்கம்! வினேஷ் போகத்துக்கு நடந்தது என்ன?

நூறு கிராம் என்பது அரை டம்ளர் தண்ணீரின் எடை. கடையில் 50 கிலோ சிமெண்டு மூட்டை வாங்கினால் 100 கிராம் கூடவா, குறைவா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் அந்த 100 கிராம்தான் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தின் ஒலிம்பிக் பதக்கத்தை தட்டிப்பறித்தது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந்தேதி காலை பாரீஸ் நகரில் எடை மேடையில் ஏறி நின்றபோது முள் காட்டியது 50 கிலோ 100 கிராம். அவர் போட்டியிட்டது 50 கிலோ பிரிவு.

முந்தைய நாள் 3 பேரை வீழ்த்தி இறுதிப்போட்டிக்கு போனவர், அந்த நிமிடமே பட்டியலில் கடைசி இடத்துக்கு தள்ளப்பட்டார். வெள்ளிகூட கிடையாது என்று கைவிரித்து விட்டார்கள்.

'ஜெயிச்ச பொண்ணுக்கு வெள்ளியாவது கொடுக்கக்கூடாதா?' என்று டீக்கடையில் இருந்து பாராளுமன்றம் வரை கேட்டார்கள். விதி என்ன சொல்கிறது? ஒரே ராத்திரியில் எடை எப்படி ஏறியது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

பெரியப்பா வளர்த்த பிள்ளை

அரியானா மாநிலம் பலாலி கிராமத்தில் 1994-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந்தேதி பிறந்தவர் வினேஷ். சிறு வயதிலேயே தந்தை கொலை செய்யப்பட்டார். தாயார்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்.

வினேஷை கோதாவில் இறக்கி விட்டவர் பெரியப்பா மகாவீர் சிங் போகத். தன் மகள்கள் கீதா, பபிதாவோடு தம்பி மகள்களுக்கும் பிடி, பூட்டு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அமீர்கான் நடித்து 2016-ல் வந்த 'தங்கல்' படம் இந்த குடும்பத்தின் கதைதான்.

பொம்பளை பிள்ளைக்கு எதுக்கு குஸ்தி என்று ஊரே பேசிய காலம் அது. ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் சேர்க்கப்பட்டதே 2004 ஏதென்ஸ் போட்டியில்தான்.

பிரீஸ்டைல் என்றால் என்ன?

சர்வதேச மல்யுத்தத்தில் கிரேக்க-ரோமன், பிரீஸ்டைல் என்று 2 வகை ஒலிம்பிக்கில் உண்டு. கிரேக்க-ரோமனில் இடுப்புக்கு கீழே கை வைக்கக்கூடாது. பிரீஸ்டைலில் காலையும் பிடிக்கலாம். பெண்களுக்கு பிரீஸ்டைல் மட்டும்தான்.

ஒரு போட்டி 6 நிமிடம். 3 நிமிடம் முடிந்ததும் 30 வினாடி இடைவேளை. எதிராளியை கீழே தள்ளி கட்டுப்படுத்தினால் 2 புள்ளி. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1 புள்ளி. இரண்டு தோள்களும் தரையில் படும்படி அமுக்கி விட்டால் புள்ளிக்கணக்கே தேவையில்லை, ஆட்டம் குளோஸ்.

ஒரே எடை உள்ளவர்களைத்தான் மோத விடுவார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 50, 53, 57, 62, 68, 76 கிலோ என 6 பிரிவுகள். பலம் சமமாக இருக்கவேண்டும் என்பதற்காக வந்தது எடைக்கணக்கு. அந்த கணக்குதான் வினேஷுக்கு கடைசி வரை எதிராளியாக நின்றது.

ரியோவில் ஸ்டிரெச்சர்

2014-ம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது வினேஷுக்கு வயது 19. அதே ஆண்டு இன்சியான் ஆசிய விளையாட்டில் வெண்கலம்.

2016-ல் ரியோ ஒலிம்பிக்குக்கு தகுதி பெற மங்கோலியா போனார். அங்கே 400 கிராம் எடை கூடுதல் என்று சொல்லி வெளியே அனுப்பி விட்டார்கள். பாரீசில் நடந்ததற்கு 8 ஆண்டுக்கு முன்பே நடந்த சம்பவம் இது. அடுத்த மாதமே துருக்கியில் இஸ்தான்புல் நகரில் நடந்த கடைசி தகுதிச்சுற்றில் ஜெயித்து ரியோவுக்கு டிக்கெட் வாங்கினார்.

ரியோவில் முதல் போட்டியை 11-0 என்று ஊதித்தள்ளினார். கால் இறுதியில் சீனாவின் சன் யனானுடன் மோதியபோது வலது முழங்கால் முறுக்கிக்கொண்டது. வலியில் கதறியவரை ஸ்டிரெச்சரில் தூக்கிச்சென்றார்கள். அதே நாளில்தான் இன்னொரு இந்திய வீராங்கனை சாக்ஷி மாலிக் வெண்கலம் வென்றார்.

ஜகார்த்தாவில் பழிக்குப்பழி

முழங்காலில் ஆபரேஷன் செய்து திரும்பி வந்த வினேஷ், 2018-ல் கோல்டுகோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோ பிரிவில் தங்கம் வென்றார்.

அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் சுற்றிலேயே எதிரே வந்து நின்றவர் அதே சன் யனான். இந்த முறை 8-2 என்று கணக்கை தீர்த்தார் வினேஷ். இறுதிப்போட்டியில் ஜப்பானின் யூகி இரியேவை 6-2 என்று வீழ்த்தினார். ஆசிய விளையாட்டு மல்யுத்தத்தில் தங்கம் வென்ற முதல் இந்திய பெண் என்ற பெருமையும் கிடைத்தது.

பிறகு 53 கிலோ பிரிவுக்கு மாறினார். 2019 உலக போட்டியில் வெண்கலம். அந்த தொடரில் அவர் 8-2 என்று வீழ்த்திய அமெரிக்காவின் சாரா ஹில்டிபிராண்ட் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாரீசில் மறுபடி வருவார்.

உலகின் நம்பர் ஒன் வீராங்கனையாக டோக்கியோ ஒலிம்பிக்குக்கு போனார். அங்கே கால் இறுதியில் பெலாரஸ் வீராங்கனையிடம் தோற்றார். 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த்தில் தொடர்ந்து 3-வது தங்கம், அதே ஆண்டு உலக போட்டியில் 2-வது வெண்கலம் என்று மறுபடியும் எழுந்து வந்தார்.

மேட்டில் இருந்து ரோட்டுக்கு

2023-ம் ஆண்டு ஜனவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் வினேஷ், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அப்போதைய மல்யுத்த சம்மேளன தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளுக்கு பாலியல் தொல்லை கொடுத்தார் என்பது புகார். அவர் இதை மறுத்தார்.

மே 28-ந்தேதி புதிய பாராளுமன்றம் நோக்கி ஊர்வலமாக சென்றபோது போலீசார் அவர்களை இழுத்துச்சென்ற படங்கள் உலகம் முழுக்க பரவின. பயிற்சி எடுக்க வேண்டிய மாதங்கள் ரோட்டில் கழிந்தன.

அந்த ஆகஸ்டில் முழங்காலில் மறுபடி ஆபரேஷன். ஆசிய விளையாட்டு கைநழுவியது. அதற்குள் 53 கிலோ பிரிவின் ஒலிம்பிக் இடத்தை இளம் வீராங்கனை அந்திம் பங்கால் இந்தியாவுக்கு வாங்கி விட்டார்.

வினேஷுக்கு பெரிய வழி எதுவும் இல்லை. ஒலிம்பிக் போகவேண்டும் என்றால் 50 கிலோவுக்கு இறங்கவேண்டும். 29 வயதில், ஆபரேஷன் ஆன முழங்கால்களுடன், உடம்பை 3 கிலோ கீழே கொண்டுவரும் முடிவை எடுத்தார். 2024 ஏப்ரலில் பிஷ்கெக் நகரில் நடந்த தகுதிச்சுற்றில் ஜெயித்து இடத்தையும் பிடித்தார்.

தோல்வியே காணாதவரை சாய்த்தார்

ஆகஸ்டு 6-ந்தேதி காலை எடை போட்டபோது 49 கிலோ 900 கிராம். பாஸ்!

முதல் போட்டியில் எதிரே நின்றவர் ஜப்பானின் யுய் சுசாகி. டோக்கியோ தங்கம் வென்றவர், 4 முறை உலக சாம்பியன். சர்வதேச போட்டியில் அதுவரை ஒருமுறைகூட தோற்காதவர். கடைசி சில வினாடி வரை 0-2 என்று பின்தங்கி இருந்த வினேஷ், ஒரே பாய்ச்சலில் அவரை கீழே தள்ளினார். ஜப்பான் தரப்பு செய்த அப்பீலும் தோற்றதால் இன்னொரு புள்ளி சேர்ந்தது. முடிவு 3-2. மேட்டில் படுத்து அழுதார் வினேஷ்.

அடுத்து உக்ரைனின் ஒக்சானா லிவாச்சை 7-5 என்றும், அரை இறுதியில் கியூபாவின் குஸ்மன் லோபசை 5-0 என்றும் வென்றார். ஒலிம்பிக் மல்யுத்த இறுதிப்போட்டிக்கு போன முதல் இந்திய பெண் ஆனார். இறுதியில் காத்திருந்தவர் 2019-ல் அவரிடம் தோற்ற அதே சாரா ஹில்டிபிராண்ட்.

தூங்காத இரவு

இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

எடை குறைக்க வீரர்கள் செய்வது பெரும்பாலும் உடம்பில் உள்ள தண்ணீரை வெளியேற்றுவது. சாப்பாடு, உப்பு, தண்ணீரை குறைப்பார்கள். வெந்நீராவி அறையில் உட்கார்ந்து வியர்வை எடுப்பார்கள். இப்படி போன எடை, ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் திரும்பி வரும். குடிக்காமல் இருந்தால் 3 போட்டி மோத தெம்பு இருக்காது.

3 போட்டி முடிந்து மாலையில் எடை பார்த்தபோது 2 கிலோ 700 கிராம் கூடுதல்! மறுநாள் காலைக்குள் இத்தனையும் போகவேண்டும்.

ராத்திரி முழுக்க உடற்பயிற்சி, நீராவி அறை என்று மாறி மாறி போராடினார்கள். ஒரு கட்டத்தில் வியர்வையே வரவில்லை. உயிருக்கே ஆபத்து ஆகிவிடுமோ என்று பயந்ததாக அவருடைய அங்கேரி பயிற்சியாளர் பின்னர் எழுதினார். கடைசியில் தலைமுடியை வெட்டினார்கள். உடையையும் சுருக்கினார்கள்.

2 கிலோ 600 கிராம் போனது. 100 கிராம் போகவில்லை.

உடம்பில் தண்ணீர் வற்றிப்போன வினேஷை ஒலிம்பிக் கிராமத்து கிளினிக்கில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். இந்திய ஒலிம்பிக் சங்க தலைவர் பி.டி.உஷா நேரில் போய் ஆறுதல் சொன்னார்.

விதி என்ன சொல்கிறது?

முன்பு போட்டிக்கு முந்தைய நாள் மாலை எடை போடுவார்கள். மறுநாள் ஒரே நாளில் எல்லா போட்டியும் முடியும். இதனால் வீரர்கள் கண்டபடி எடையை குறைத்து விட்டு ராத்திரியில் சாப்பிட்டு ஏற்றிக்கொண்டார்கள். இதை தடுக்க 2018-ல் விதி மாறியது. போட்டி 2 நாள், 2 நாளும் காலையில் எடை.

2-வது நாள் எடை போட கிடைக்கும் நேரம் 15 நிமிடம்தான். சில சர்வதேச போட்டிகளில் 2 கிலோ வரை சலுகை உண்டு. ஒலிம்பிக்கில் ஒரு கிராம்கூட கிடையாது. 2-வது நாள் தவறினால் முதல் நாள் ஜெயித்ததும் செல்லாது, கடைசி இடம்தான்.

எனவே அரை இறுதியில் வினேஷிடம் தோற்ற குஸ்மன் லோபஸ் இறுதிக்கு போனார். அவரை 3-0 என்று வென்று சாரா தங்கம் வாங்கினார். சுசாகிக்கு வெண்கலம் கிடைத்தது. வினேஷுக்கு ஒன்றும் இல்லை.

முதல் நாள் எடை சரியாகத்தானே இருந்தது, எனவே வெள்ளியை பகிர்ந்து கொடுங்கள் என்று சர்வதேச விளையாட்டு தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்தார். ஆகஸ்டு 14-ந்தேதி மனு தள்ளுபடி ஆனது. வினேஷ் எந்த தில்லுமுல்லும் செய்யவில்லை, விதியின் விளைவு மிக கடுமையானது என்று தீர்ப்பு சொன்ன நடுவரே குறிப்பிட்டார். ஆனால் எடையை காப்பது வீரரின் பொறுப்பு, விதி எல்லோருக்கும் ஒன்று என்று முடித்து விட்டார்.

அதே பாரீசில் இந்திய வீரர் அமன் செராவத்துக்கும் இதே கண்டம் வந்தது. 10 மணி நேரத்தில் 4 கிலோ 600 கிராம் குறைத்து, 57 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். அவரே 2025 உலக போட்டியில் 1 கிலோ 700 கிராம் கூடுதல் என்று வெளியேற்றப்பட்டார். ஒருநாள் காப்பாற்றும் உடம்பு இன்னொரு நாள் கைவிடும்.

மறுபடியும் கோதா

எடை தவறிய மறுநாளே, இனி தெம்பு இல்லை என்று சொல்லி ஓய்வை அறிவித்தார் வினேஷ். செப்டம்பரில் காங்கிரசில் சேர்ந்தார். அக்டோபரில் ஜூலானா தொகுதியில் 6,015 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். 2025 ஜூலையில் ஆண் குழந்தை பிறந்தது.

கதை அதோடு முடியும் என்று நினைத்தார்கள். 2025 டிசம்பரில் ஓய்வை வாபஸ் பெறுவதாகவும், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்தான் குறி என்றும் அறிவித்தார்.

ஆசிய விளையாட்டு தங்கம் ஒன்று, காமன்வெல்த் தங்கம் மூன்று, உலக வெண்கலம் இரண்டு. வினேஷ் கையில் இல்லாதது ஒலிம்பிக் பதக்கம் மட்டும்தான். அந்த ஒலிம்பிக் நடக்கும்போது அவருக்கு வயது 33 இருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.