ஒரே ஆப்பை நம்பி ஒரு கடையா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டிலிருந்தே ஏதாவது செஞ்சு ஆன்லைன்ல விக்கிறவங்க இப்போ ரொம்பவே அதிகம். கேக், மசாலாப் பொடி, ஆரி வொர்க் பிளவுஸ், டெரகோட்டா நகை, டியூஷன், பைக் சர்வீஸ்னு பட்டியல் நீளும். இவங்ககிட்ட பேசினா எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "ஃபாலோயர்ஸை எப்படி ஏத்துறது?"

இன்னைக்கு அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டுப் பார்ப்போம். உங்ககிட்ட ஒரு தடவை வாங்கினவங்க, நாளைக்கு அந்த ஆப் இல்லாமப் போனாலும், உங்களைத் திரும்பக் கண்டுபிடிச்சு வர முடியுமா? முடியும்னா உங்ககிட்ட ஒரு தொழில் இருக்கு. முடியாதுன்னா உங்ககிட்ட இருக்கிறது ஒரு அக்கவுன்ட் மட்டும்தான். இந்த எபிசோட் முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பத்தித்தான் பேசப்போறேன்.

தொழிற்பேட்டை கத்துக்கொடுத்த பாடம்

இந்தப் பாடத்தை நம்ம ஏரியா ஏற்கெனவே ஒரு தடவை படிச்சிருக்கு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கினது. உள்ளே போனா பெரிய ஆலைகளுக்கு நடுவுல லேத், மில்லிங், பிரஸ் வேலை செய்யுற சின்னச் சின்னப் பட்டறைகள் வரிசையா இருக்கும். இதுல நிறைய பட்டறைகளோட பிழைப்பு வாகனக் கம்பெனிகளுக்கோ, அவங்களுக்கு உதிரிபாகம் தர்ற கம்பெனிகளுக்கோ ஜாப் வொர்க் செய்யுறதுதான்.

2019-ல் நாடு முழுக்க வண்டி விற்பனை சரிஞ்சது. அந்த வருஷம் செப்டம்பர்ல அசோக் லேலண்ட் தன்னோட எண்ணூர் ஆலைக்கு 16 நாள் வேலையில்லா நாள்னு அறிவிச்சது. அவ்வளவு பெரிய ஆலையே மாசத்துல பாதி நாள் நின்னா, கீழே இருக்கிற பட்டறையோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. மெஷின் இருக்கு, கைவேலை தெரிஞ்ச ஆள் இருக்கு, கரன்ட் பில் வருது, வங்கித் தவணை வருது. ஆர்டர் மட்டும் வரலை.

அந்த மாதிரி நேரத்துல மருத்துவக் கருவி, பம்ப், பேக்கிங் மெஷின்னு வேற துறையிலயும் நாலு பேருக்கு வேலை செஞ்சுக்கிட்டிருந்த பட்டறை எப்படியோ மூச்சு விடும். ஒரே கம்பெனியை நம்பினதுக்கு அந்த வழி இல்லை. வேலைத் தரம் ரெண்டு இடத்துலயும் ஒண்ணாவே இருக்கலாம். எத்தனை வாசல் திறந்திருக்குங்கிறதுலதான் வித்தியாசம்.

இதே கதை, ஃபோனுக்குள்ள

"இது இரும்புக் கதை, பிரவுனி விக்கிற எனக்கு எதுக்கு?"ன்னு கேக்கலாம். 2020 ஜூன் 29-ஆம் தேதி ராத்திரியை நினைச்சுப் பாருங்க. மத்திய அரசு 59 ஆப்களைத் தடை பண்ணுச்சு. அதுல டிக்டாக்கும் ஒண்ணு. அதுல லட்சக்கணக்குல ஃபாலோயர்ஸ் சேர்த்து வச்சிருந்தவங்க ஒரே ராத்திரியில அத்தனை பேரையும் இழந்தாங்க. அவங்க எந்த விதியையும் மீறலை, வீடியோவும் மோசமில்லை. ஆனா பார்த்தவங்களோட பேரோ நம்பரோ அவங்க கையில இல்லை. சில நாள்லயே, ஜூலை 8-ஆம் தேதி, இன்ஸ்டாகிராம் இந்தியாவுல ரீல்ஸைக் கொண்டு வந்துச்சு. நிறைய பேர் அங்கே போனாங்க, ஆனா திரும்பவும் பூஜ்யத்துல இருந்து.

அடுத்தது 2021 அக்டோபர் 4. நம்ம ஊர் நேரப்படி ராத்திரி 9 மணிக்கு மேல ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் சேர்ந்து படுத்துடுச்சு. கம்பெனிக்குள்ள நெட்வொர்க் அமைப்பை மாத்தும்போது நடந்த தவறுதான் காரணம்னு அவங்களே பின்னாடி சொன்னாங்க. சரியாக ஏறக்குறைய 6 மணி நேரம் ஆச்சு. மூணும் வேற வேற கடைன்னு நினைச்சுக்கிட்டிருந்தவங்களுக்கு, மூணுக்கும் முதலாளி ஒருத்தர்தான்னு அன்னைக்குத்தான் உறைச்சிருக்கும்.

இதனால ரீல்ஸே போடாதீங்கன்னு நான் சொல்லலை. தாராளமா போடுங்க. தெரியாதவங்க உங்களை முதல் தடவை பார்க்க அதைவிட மலிவான வழி இப்போ இல்லை. ஆனா அது வாடகை வீடு. வாடகை வீட்டுல சந்தோஷமா இருக்கலாம், சுவத்தை இடிச்சு மாடி கட்ட முடியாது.

திரும்ப வர்றவங்கதான் லாபம்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது. உங்க எண்களைப் போட்டு நீங்களே ஒரு தடவை பாருங்க.

ஆவடியில ஒருத்தங்க வீட்டுல பிரவுனி செஞ்சு ஒரு பெட்டி 400 ரூபாய்க்கு விக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். சாமான், கேஸ், பெட்டி எல்லாம் போக கையில 180 நிக்குது. 3,000 ரூபாய்க்கு விளம்பரம் போடுறாங்க, 15 ஆர்டர் வருது. 15 ஆர்டருக்கு 2,700 ரூபாய். விளம்பரத்துக்குப் போனது 3,000. ஆக 300 ரூபாய் நஷ்டம். பேஜ்ல பார்த்தா ஹார்ட்டா கொட்டிக் கிடக்கும், வியாபாரம் சூப்பர்னு தோணும்.

இப்போ அந்த 15 பேர்ல 5 பேர் மட்டும், விளம்பரம் எதுவும் இல்லாம, ஆளுக்கு இன்னும் 3 தடவை வாங்குறாங்க. அது 15 ஆர்டர், இன்னொரு 2,700 ரூபாய். அந்த 300 நஷ்டம் 2,400 ரூபாய் லாபமா மாறிடுச்சு. பிரவுனி அதேதான், விளம்பரமும் அதேதான். அந்த 5 பேர் திரும்பி வர ஒரு வழி இருந்துச்சு, அவ்வளவுதான். அந்த வழியைப் போடுறதுக்கு நாலு வேலை இருக்கு.

1. மேப்ல உங்க இடம்

கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். "பக்கத்துல கேக் கடை"ன்னு யாராவது தேடினா யாரை மேல காட்டுறதுங்கிறதை முக்கியமா மூணு விஷயம் பார்த்து முடிவு பண்றதா கூகுளே சொல்லுது: தேடினதுக்கும் உங்களுக்கும் உள்ள பொருத்தம், தூரம், நீங்க எவ்வளவு தெரிஞ்ச ஆள்ங்கிறது. தூரம்ங்கிற விஷயத்துல, அண்ணா நகர்ல இருக்கிற பெரிய கடையை விட பட்டாபிராம்ல இருக்கிற நீங்க பட்டாபிராம்காரருக்குப் பக்கம். அந்தப் பலம் உங்களுக்குச் சும்மாவே கிடைக்குது.

வீட்டிலிருந்து செய்யுறவங்க, முக்கியமா பெண்கள், "வீட்டு அட்ரஸை ஊருக்கே காட்டணுமா?"ன்னு தயங்குறாங்க. நியாயமான தயக்கம். நேர்ல கடைக்கு ஆள் வராத தொழில்னா அட்ரஸை மறைச்சுட்டு, எந்தெந்த ஏரியாவுக்கு டெலிவரி பண்றீங்கங்கிறதை மட்டும் காட்டலாம். அதுக்கான வசதி அதுலயே இருக்கு.

இன்னொரு நம்ம ஊர் விஷயம். ஒரே ஊரைப் போர்டுல பூவிருந்தவல்லின்னு எழுதுறோம், வாயால பூந்தமல்லின்னு சொல்றோம், ஆங்கிலத்துல பூனமல்லின்னு டைப் பண்றோம். தேடுறவங்க இந்த மூணுல எதை வேணாலும் அடிப்பாங்க. உங்களைப் பத்தின விவரத்துலயும், போடுற போஸ்ட்லயும் இந்தப் பேர்கள் எல்லாம் இயல்பா வர்ற மாதிரி எழுதுங்க. கடைப் பேருக்குள்ள மட்டும் ஊர்ப் பேரைத் திணிக்காதீங்க. போர்டுல இருக்கிற உண்மையான பேர்தான் இருக்கணும்னு கூகுள்ல விதி இருக்கு. அதே மாதிரி, ரிவ்யூ போட்டா தள்ளுபடின்னு சொல்றதும் விதிக்கு எதிரானது. "பிடிச்சிருந்தா ரெண்டு வரி எழுதுங்க"ன்னு கேட்டாலே போதும்.

2. உங்க நம்பர் அவங்க ஃபோன்ல

வாட்ஸ்அப் பிசினஸ்ல பிராட்காஸ்ட் லிஸ்ட் வச்சிருக்கிற பல பேருக்கு ஒரு விஷயம் தெரியுறதில்லை. உங்க நம்பரை அவங்க ஃபோன்ல சேவ் பண்ணியிருந்தாத்தான் அந்த மெசேஜ் அவங்களுக்குப் போகும். உங்க ஃபோன்ல அவங்க நம்பர் இருந்தா மட்டும் பத்தாது. அதனால முதல் ஆர்டர் கொடுக்கும்போதே, "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, வெள்ளிக்கிழமை மெனு அனுப்புறோம், வேண்டாம்னா சொல்லிடுங்க"ன்னு ஒரு வரி கேளுங்க. சம்மதம் கேட்டுச் சேர்த்த 80 பேர், கேக்காமச் சேர்த்த 800 பேரை விட மேல்.

அந்தப் பட்டியலை ஃபோனுக்கு வெளியேயும் வையுங்க. பேரு, நம்பர், என்ன வாங்கினாங்க, எந்தத் தேதி, இவ்வளவு போதும். ஒரு ஷீட்லயோ, சாதா நோட்டுலயோ எழுதலாம். ஆப் போனாலும் நோட்டு இருக்கும்.

3. லேபிளும் பேப்பரும்

பாக்கெட்ல அடைச்சு விக்கிற பொருள்னா தயாரிப்பவர் பேரு, முகவரி, எடை, விலை, தயாரிச்ச மாதம், புகார் சொல்ல ஒரு தொடர்பு எல்லாம் லேபிள்ல இருக்கணும்னு 2011 விதிகள் சொல்லுது. இதைத் தொல்லைன்னு நினைக்காதீங்க. உங்க பொடி தீர்ந்துபோற அன்னைக்கு அந்த டப்பா ஒருத்தர் சமையலறையில கண்ணு முன்னாடி நிக்குது. அந்த நேரத்துல அவங்க கைக்கு உங்க நம்பர் எட்டணும்.

சாப்பாட்டுப் பொருள்னா உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். 2011-ல் வந்த விதிகள்ல, ஆண்டு விற்பனை 12 லட்சம் வரைக்கும் சாதாரணப் பதிவு, வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம்னு இருந்துச்சு. ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, பெரிய ஆன்லைன் தளங்கள்ல பொருள் விக்கணும்னா விற்பனை குறைவா இருந்தாலும் பதிவு வேணும்னு முன்னாடி இருந்துச்சு. 2023 அக்டோபர் 1-லிருந்து, விலக்கு வரம்புக்குள்ள இருக்கிறவங்க தமிழ்நாட்டுக்குள்ளயே விக்கிறதா இருந்தா, ஜிஎஸ்டி தளத்துல ஒரு பதிவெண் மட்டும் வாங்கிட்டு விக்கலாம். வெளி மாநிலத்துக்கு அனுப்பினா முழுப் பதிவு தேவை.

அப்பா பட்டறை வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. உத்யம் பதிவு இலவசம். யாராவது அதுக்குப் பணம் கேட்டா கொடுக்காதீங்க. அந்தப் பதிவு இருந்தா, சரக்கு வாங்கின கம்பெனி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் தரணும்னு 2006 சட்டத்தைக் காட்டிக் கேக்கலாம்.

4. உங்க பேர்ல ஒரு முகவரி

சொந்தமா ஒரு டொமைன் பேர் வாங்குங்க. டாட் இன் பேர்னா பொதுவா வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள முடியும். ஒரே பக்கம் போதும்: என்ன விக்கிறீங்க, எங்கெல்லாம் தருவீங்க, எப்படிக் கூப்பிடணும். வேற ஒருத்தர் செஞ்சு கொடுத்தாலும், டொமைன் உங்க பேர்ல, உங்க மெயில் ஐடியில, பாஸ்வேர்டோட உங்க கையில இருக்கணும். வீடு கட்டின மேஸ்திரி பேர்ல யாராவது பத்திரம் எழுதுவாங்களா?

ஒரு எச்சரிக்கை

நம்பர் வெளியே போனா நல்லவங்க மட்டும் கூப்பிட மாட்டாங்க. "நான் ஆர்மியில இருக்கேன், பெரிய ஆர்டர் வேணும், பணம் அனுப்ப இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க"ன்னு ஒரு மோசடி நாடு முழுக்க நடக்குது. டேங்க் தொழிற்சாலை இருக்கிற ஆவடியில இந்தப் பேச்சு இன்னும் சுலபமா எடுபடும், ஏன்னா பக்கத்து வீட்டுலயே ராணுவத்துல வேலை பார்த்தவங்க இருப்பாங்க. ஒண்ணு மட்டும் மனசுல வையுங்க: பணம் வாங்குறதுக்கு நாம ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பணம் போயிடுச்சுன்னா தாமதிக்காம 1930-க்குக் கூப்பிடுங்க.

சரி, இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. கடைசியா உங்ககிட்ட வாங்கின 20 பேரோட பேரை ஒரு தாள்ல எழுதுங்க. இன்ஸ்டாகிராமைத் திறக்காம அதுல எத்தனை பேரை நாளைக்கு உங்களால கூப்பிட முடியும்னு எண்ணுங்க. அந்த எண்ணிக்கைதான் இன்னைக்கு உங்க கடையோட உண்மையான அளவு. அதை அடுத்த மாசத்துக்குள்ள ரெட்டிப்பாக்கப் பாருங்க, ஃபாலோயர்ஸ் பின்னாடி வரட்டும்.

அடுத்த எபிசோட்ல டெலிவரிச் செலவைப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் வியாபாரம் நல்லா நடக்கட்டும்.