மணமும் பதமும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் அமைந்த நாடு மொராக்கோ. அதன் மேற்கே அத்திலாந்திக்குப் பெருங்கடலும், வடக்கே மத்தியதரைக் கடலும் உள்ளன. இருபுறமும் கடல் சூழ்ந்தமையால், அங்கு மீனுணவு சிறந்து விளங்குவதில் வியப்பில்லை. அந்நாட்டார் மீனைச் சமைக்கும் முறைகள் பல. அவற்றுள் ‘சர்மூலா’ என்னும் மணக்கூட்டில் ஊறவைத்துச் சுடும் முறை பெரிதும் போற்றப்படுகிறது.

கொத்தமல்லித் தழை, பார்சிலித் தழை, பூண்டு, சீரகம், காரம் குறைந்த மிளகாய்ப் பொடி, உப்பு, எலுமிச்சைச் சாறு, ஒலிவ எண்ணெய் ஆகியவை சேர்ந்ததே சர்மூலா. இவற்றுள் மிளகாய் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. 1492-இல் கொலம்பசு அமெரிக்கத் தீவுகளை அடைந்த பின்னரே அது பிற கண்டங்களுக்குப் பரவியது.

மீனின் செதிளையும் குடலையும் நீக்கிக் கழுவுவர். இருபுறமும் கீறிக் கூட்டினைப் பூசுவர். சிறிது நேரம் ஊறவிடுவர். பின்னர் உருளைக்கிழங்கு, தக்காளி முதலியவற்றை வட்டமாக அரிந்து தட்டில் பரப்பி, அவற்றின்மேல் மீனைக் கிடத்தி அடுப்பில் வைப்பர். வீட்டில் அடுப்பு வசதி இல்லாதார், தெருவிலுள்ள பொது ரொட்டியடுப்பிற்குத் தட்டினை அனுப்பிச் சுட்டு வாங்குவதும் அந்நாட்டு வழக்கம்.

இக்கூட்டின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தொழில் உண்டு. கடல்மீன் இறந்தபின் நுண்ணுயிர்களின் செயலால் அதனிடம் ஒருவகை நாற்றப்பொருள் தோன்றுகிறது. எலுமிச்சையின் புளிப்பு அப்பொருளைப் பிணித்து, நாற்றம் எழாமல் தடுக்கிறது. தழைகளின் மணப்பொருள்கள் நீரினும் எண்ணெயிலேயே நன்கு கரைவன; ஆதலின் எண்ணெய் மணத்தை ஏந்தி மீனின்மேல் படியச் செய்கிறது; தசை உலராமலும் காக்கிறது. உப்பு உள்ளே ஊடுருவிச் சுவையூட்டுகிறது.

நிலத்தில் வாழும் விலங்குகள் தம் உடலின் பாரத்தைத் தாமே சுமக்கின்றன. மீனின் உடலையோ நீர் தாங்குகிறது. எனவே மீனின் தசைநார்கள் குறுகியவை; அவற்றைப் பிணைக்கும் சவ்வும் மெல்லியது. இதனால் மீன் விரைவில் ஊறும், விரைவில் வேகும். நெடுநேரம் புளிப்பில் கிடந்தால் தசை தன் உறுதியை இழக்கும். நெடுநேரம் தீயில் இருந்தால் வறண்டுபோகும்.

இங்கு நன்கு உணரத்தக்கது ஒன்று உண்டு. புளிப்பில் ஊறிய மீன், தீயைக் காணுமுன்னரே வெளுத்து வெந்ததுபோல் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி உண்பது தீங்காகும். புளிப்பு தசையின் நிறத்தை மாற்றுமேயன்றி, நோய்க்கிருமிகளையும் புழுக்களையும் முற்றும் அழிப்பதில்லை. மீனின் நடுப்பகுதி ஏறக்குறைய 63 சென்டிகிரேடு பாகை வெப்பம் எய்துதல் வேண்டும். முள்ளை ஒட்டிய தசையும் கண்ணாடித் தன்மை நீங்கி வெண்மையுற்று, எளிதில் ஏடு ஏடாகப் பிரிவதே வெந்த பதத்திற்கு அடையாளம்.

மணம் உண்பாரை அழைக்கும். பதமே அவரைக் காக்கும். இவ்விரண்டும் ஒருங்கே அமையச் சமைப்பதே சமையற்கலையின் சிறப்பாகும்.