மடக்குக் கத்திகளில் துரு, களிம்பு: வராமல் காப்பது எப்படி?

மடக்குக் கத்திகளை ஆசையாகச் சேர்த்து, துடைத்து, பெட்டியில் பூட்டி வைக்கிறீர்கள். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் சிவப்புப் புள்ளிகள், பித்தளையில் பச்சை. யாரும் தொடாத கத்தி எப்படிக் கெட்டது? பெரும்பாலும் கூடவே வைத்த பொருள்தான் காரணம்: உறை, துணி, சில சமயம் பக்கத்துக் கத்தியின் கைப்பிடி.

எல்லாக் கத்தியும் துருப்பிடிக்குமா?

பிடிக்கும், வேகம்தான் வேறு. கார்பன் எஃகு (குரோமியம் இல்லாத, அல்லது மிகக் குறைவாக உள்ள எஃகு) ஈரத்தோடு விட்டால் ஒரே இரவில் சிவந்துவிடும். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகி எஃகை மூடிக்கொள்கிறது. ஆனால் உப்பு அந்தப் படலத்தையும் துளைக்கும். கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. எந்த ஊரானாலும் விரல் வியர்வையில் இருக்கிறது.

என் கத்தி எந்த வகை?

அலகில் பொறித்திருப்பதைப் பாருங்கள். பிரான்சின் ஓப்பினெல் கத்தியில் ‘இனாக்ஸ்’ என்றிருந்தால் எவர்சில்வர்; ‘கார்போன்’ என்றால் கார்பன் எஃகு. அமெரிக்காவின் கேஸ் கத்திகளில் ‘எஸ்எஸ்’ எவர்சில்வரைக் குறிக்கும்; ‘சிவி’ துருப்பிடிக்கும் வகை. இன்று கடைகளில் கிடைக்கும் விக்டோரினாக்ஸ் கத்திகளின் அலகு எவர்சில்வர். குறி எதுவும் இல்லாத பழைய கத்தியைக் கார்பன் எஃகு என்றே வைத்துக்கொண்டு கவனியுங்கள். நஷ்டம் இல்லை.

அலகு கருத்துவிட்டது. தேய்த்து எடுக்கலாமா?

வேண்டாம். கார்பன் எஃகு நாளாவட்டத்தில் கருஞ்சாம்பல், நீல நிறத்துக்கு மாறும். பழம் நறுக்கினாலே அந்த நிறம் வரும். அது எஃகை அரிக்காது. துரு பிடிப்பதைக் கொஞ்சம் தாமதப்படுத்தவும் செய்யும். அரிப்பது சிவப்பாக, பொடியாக உதிரும் துருதான். ஒவ்வொரு முறை பளபளக்கத் தேய்க்கும்போதும் கொஞ்சம் உலோகம் போகிறது. தயாரிப்பாளரின் முத்திரையும் மங்குகிறது. பழைய கத்தியை வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்த முத்திரையைத்தான்.

தோல் உறையில் வைப்பது பாதுகாப்பில்லையா?

இடுப்பில் செருகிப் போகத் தோல் உறை நல்லது; மாதக்கணக்கில் உள்ளேயே வைக்க அல்ல. தோலைப் பதப்படுத்திய உப்பும் அமிலமும் அதில் தங்கியிருக்கும். தோல் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அலகில் துருவும் பித்தளையில் பச்சைக் களிம்பும் வர இது போதும். கத்தியையும் உறையையும் தனித்தனியே வையுங்கள். செய்தித்தாளில் சுற்றுவது, ரப்பர் பேண்ட் போடுவது இரண்டையும் விடுங்கள். செய்தித்தாளில் அமிலம் உண்டு. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியையும் பித்தளையையும் கருக்கும்.

ஒரு கத்தி மற்றொன்றைக் கெடுக்குமா?

கெடுக்கும். சேகரிப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஆபத்து இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பல அமெரிக்க, ஐரோப்பியக் கத்திகளுக்கு செல்லுலாய்டு (பஞ்சு நாரையும் நைட்ரிக் அமிலத்தையும் கொண்டு செய்த பழைய பிளாஸ்டிக்) கைப்பிடி போட்டார்கள். ஆமை ஓடு, முத்துச் சிப்பி, தந்தம் எல்லாவற்றையும் போல அதைச் செய்ய முடிந்தது.

வயதாக ஆக இந்தப் பிளாஸ்டிக் சிதைந்து அமில வாயுவை வெளியிடும். மூடிய பெட்டியில் அந்த வாயு வெளியேற வழியின்றிப் பக்கத்துக் கத்திகளின் அலகுகளையும் அரித்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியைத் திறந்ததும் கற்பூர வாடையோ நெடியோ வருகிறதா, கைப்பிடியில் வலைபோல் விரிசல் இருக்கிறதா, பிசுபிசுக்கிறதா, கைப்பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்தக் கத்தியை உடனே தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். அடுப்பு, வெயில் பக்கம் வேண்டாம். இன்றைய விக்டோரினாக்ஸின் சிவப்புக் கைப்பிடி வேறு வகைப் பிளாஸ்டிக். அதற்கு இந்தப் பயம் இல்லை.

தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தினமும் பயன்படுத்தும் அரிவாளுக்குச் சரி. எடுத்து வைக்கும் கத்திக்குச் சமையல் எண்ணெய் எதுவும் ஆகாது. நாளானால் சிக்குப் பிடித்து மூட்டு இறுகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் போதும். பழம் நறுக்கும் கத்தியென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். மூட்டில் ஒரு சொட்டு. அலகில் தடவித் துடைத்தபின் மிஞ்சும் மெல்லிய பூச்சு. நீண்ட நாள் வைப்பதற்கு நுண்படிக மெழுகு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும், அமிலமில்லாத மெழுகு) இன்னும் நல்லது. அருங்காட்சியகங்களில் புழங்கும் ரினைசன்ஸ் மெழுகு 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் உருவானது.

பித்தளைக்குப் புளி?

குத்துவிளக்குக்குப் போடுங்கள், கத்திக்கு வேண்டாம். புளியின் அமிலம் மூட்டுக்குள் இறங்கினால் கழுவி எடுக்க முடியாது. பச்சைக் களிம்பை எண்ணெய் தொட்ட மூங்கில் குச்சியால் சுரண்டினாலே வந்துவிடும். சிவப்புத் துருவிலும் முதலில் இதையே செய்து பாருங்கள். எண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டால் இன்னும் எளிது. மரம், எலும்புக் கைப்பிடிகளில் மட்டும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் ஈரம் எவ்வளவு இருக்கலாம்?

50 சதவீதத்தை ஒட்டி. 60ஐத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். மிகவும் காய்ந்தால் எலும்பு, கொம்பு, மரக் கைப்பிடிகள் வெடிக்கும். ஆகவே சிலிக்கா ஜெல்லை (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) அள்ளிக் கொட்டாமல், ஒரு சின்ன ஈரப்பதமானியைப் பார்த்து அளவாகப் போடுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது. ஓவனில் சுமார் 120 டிகிரியில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, மற்ற நாட்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கையில் எடுத்த ஒவ்வொரு கத்தியையும் திரும்ப வைக்குமுன் விரல் ரேகை போகத் துடையுங்கள். புதிதாக வாங்கிய பழைய கத்தியைச் சில வாரம் தனியே வைத்து, கைப்பிடியில் சந்தேகமில்லை என்றானபின் மற்றவற்றோடு சேருங்கள்.