கதிர்காமப் பயணமும் அம்மாவின் இன்சுலினும்

நீரிழிவுள்ள தாயுடன் கதிர்காமம் புறப்படும் சகோதரிகளே, மொனராகலை வெயிலில் பூட்டிய வானுக்குள் இன்சுலின் வலுவிழந்துவிடும். திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். இதற்காகச் சிலர் வான் பற்றரியில் இன்வேட்டர் பூட்டி, சிறிய குளிர்சாதனப் பெட்டியை இயக்குகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 60 அம்பியர்-மணி பற்றரியின் பாதி 360 வாட்-மணி. 60 வாட் பெட்டி தொடர்ந்து ஓடினால் ஆறு மணித்தியாலத்துக்குள் அது தீரும். அதற்குமேல் எஞ்சின் கிளம்பாமல் போகலாம். யானைகள் மறிக்கும் புத்தல–கதிர்காமம் வீதியில் அப்படி நிற்கலாமா? எஞ்சினை நிறுத்தியதும் இன்வேட்டரையும் நிறுத்துங்கள்.

ஓரிரு குப்பிகளுக்கு ஐஸ் பெட்டியே போதும். துணியில் சுற்றி வையுங்கள். உறைந்த இன்சுலின் உதவாது.