வீட்டைச் சிறிதாக்கினால் விதைவெங்காயத்துக்குக் காசு மிஞ்சும்

மீளக் குடியமரும் குடும்பங்கள் எம்மிடம் முதலில் கேட்பது "வீட்டுத்திட்டம் எப்போது கிடைக்கும்?" என்பதே. "எங்களுக்கு எவ்வளவு பெரிய வீடு வேண்டும்?" என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒரு குடும்பம் ஐந்து வருடத்தில் தலைநிமிருமா, கடனில் மூழ்குமா என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியிலேயே தங்கியுள்ளது.

போர் முடிந்தபின் வடக்கு கிழக்கு வீடமைப்பு மீள்நிர்மாணத் திட்டத்தின் கீழ் ஒரு வீட்டுக்கு 3 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாய் வழங்கப்பட்டது. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் புதிய வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் கொடுத்தது. வடக்கு கிழக்கில் மட்டும் சுமார் 46,000 வீடுகளுக்கென வந்த திட்டம் அது. இரண்டிலும் பணம் கட்டங்கட்டமாகவே வந்தது. அத்திவாரம் முடிந்தால் ஒரு பங்கு, சுவர் எழுந்தால் அடுத்த பங்கு. வீட்டின் அளவு ஏறத்தாழ 500, 550 சதுர அடி. எமது மக்களோ, "திரும்பத் திரும்பவா கட்டப்போகிறோம்?" என்று அத்திவாரத்தை அகட்டிப் போட்டார்கள். அக்காலத்தில் வன்னியில் வேலை செய்த நானும், "அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டு வையுங்கள், மிச்சத்தைப் பிறகு எழுப்பலாம்" என்று சொன்னவன்தான். அது பிழையான ஆலோசனை. அகட்டிய அத்திவாரம் முதற் பங்கை விழுங்கிவிட்டது. சுவர் யன்னல் மட்டத்தில் நின்றது. அதன்பின் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று, காணி உறுதி கைமாறிற்று, கிழமைக் கடன் வீட்டுக்குள் வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 20 அடிக்கு 25 அடி வீடு 500 சதுர அடி. 30க்கு 35 என்றால் 1,050 சதுர அடி. வெளிச்சுவரின் சுற்று முதலாவதில் 90 அடி, இரண்டாவதில் 130 அடி. அதாவது வெளிச்சுவர் பாதியளவுகூடக் கூடவில்லை. இதைப் பார்த்துத்தான் "இன்னும் கொஞ்சம் கல்லு அரிஞ்சால் போதும்" என்று நினைக்கிறோம். ஆனால் நாலு பக்கமும் 2 அடி தாழ்வாரம் விட்டுக் கூரை போட்டால், சிறிய வீட்டுக்கு 696 சதுர அடி, பெரிய வீட்டுக்கு 1,326 சதுர அடி. சரிவைச் சேர்த்தால் இரண்டும் இன்னும் கூடும். கூரை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது! மரம், சிலாகை, ஓடு, ஆணி, தச்சன் கூலி எல்லாம் அதனோடு ஏறும். நிலத்துக்குப் போடும் சீமெந்தும் இரட்டிப்பு. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற சீமெந்து மூடை 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தை எட்டியதை நாம் மறக்கவில்லை. அவ்வேளையில் பாதி வீட்டோடு நின்றவர்கள் பட்ட பாடு பெரிது.

வீட்டின் உருவமும் காசுதான். அதே 500 சதுர அடியை 10க்கு 50 என்று நீட்டிக் கட்டினால் சுற்றுச்சுவர் 120 அடியாகிறது. மடிப்பும் மூலையும் வைத்தால் கூரை மடியும் இடத்தில் பீலி வேண்டும், ஒழுக்கும் அங்கேதான் தொடங்கும். சதுரத்துக்குக் கிட்டிய வீடே சிக்கனம்.

இனி, ஏற்கெனவே பெரிய வீடு உள்ளவர்களின் கதை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்களுக்கு 2015க்குப் பின் காணிகள் பகுதி பகுதியாக விடுபட்டன. ஒரு பகுதி இன்னும் விடுபடவில்லை. அப்படித் தன் வளவுக்குத் திரும்பிய எழுபது வயது கடந்த ஒரு கமக்காரர் என்னை அழைத்துச் சென்றார். தகப்பனார் புகையிலைக் காசில் கட்டிய எட்டு அறை வீடு. கூரை முழுவதும் போய்விட்டது. முன் விறாந்தைச் சுவரில் ஆலமரம் வேர்விட்டிருந்தது.

"பாதர், என்ர ஐயா கட்டின வீடு. இதைக் குறுக்கினால் ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

மகள் பின்னால் நின்றாள். "அப்பா, இருக்கிறது நாங்கள் ஐஞ்சு பேர். இதைக் கூட்டி முடிக்கவே எனக்கு மத்தியானமாகிப் போகும்" என்றாள்.

அவர் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் இருவர் வெளிநாட்டில். அவர்கள் அனுப்பும் காசை நம்பி எட்டு அறைக்கும் கூரை போடுவதா, கிணற்றை இறைத்து முதற் போக வெங்காயம் நடுவதா என்பதே அங்கே உண்மையான கேள்வி. அதை ஒரே நாளில் தீர்க்க முடியவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பங்குள்ள வீடென்றால் இடிப்பதற்கு முன் அவர்களின் சம்மதத்தை எழுத்தில் பெறுவது நல்லது. பின்னர் வரும் வழக்கு வீட்டை விடச் செலவானது.

மூன்றாம் முறை போனபோது மேசனையும் கூட்டிப் போனோம். வேர் புகுந்து பிளந்த சுவர், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது சாய்ந்திருந்த சுவர், இரண்டையும் ஒதுக்கினோம். பின்பக்கத்து மூன்று அறைகள் உறுதியாக இருந்தன. அவற்றுக்கு மட்டும் கூரை போடுவதென்று முடிவாயிற்று. ஒதுக்கிய சுவர்களின் சுண்ணாம்புக் கற்கள் குசினி அத்திவாரத்துக்கும் கிணற்றுக் கட்டுக்கும் போயின. அந்தக் கல்லுக்கு லொறிக் காசே மிச்சம்.

சிறிய வீடு எமக்குப் புதிதுமல்ல. எமது பழைய வளவுகளில் வீடு ஒரு கொட்டில், குசினி ஒரு கொட்டில், தலைவாசல் ஒரு கொட்டில் என்று தனித்தனியாகவே இருந்தன. கமக்காரன் வீட்டில் மனிதருக்கு மட்டுமா இடம் வேண்டும்? நெல் மூடையும் வெங்காயப் பிடியும் மருந்தடிக்கும் மெசினும் எங்கே போவது? அவற்றைக் கல்வீட்டு அறைக்குள் வைக்க வேண்டியதில்லை. (மருந்துப் போத்தலை எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது.) காற்றோட்டமான கிடுகுக் கொட்டில் வெங்காயத்துக்குக் கல்லறையை விட நல்லது.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. வெள்ளம் வரும் பள்ளக் காணியில் நிலமட்ட உயரத்தைக் குறைக்காதீர்கள். யன்னலுக்கு மேலே சுற்றிவர ஓடும் கம்பி வைத்த கொங்கிறீற்று வளையத்தைத் தவிர்க்காதீர்கள்; 1978 சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டுவதென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டே வெட்டுங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறை கழிவு நீரை மறைத்து வைக்காது. இம்மூன்றுக்கும் வேண்டிய காசை அறை ஒன்றைக் குறைத்துத் தேடுவதே முறை.

கடன்தான் எடுக்க வேண்டும் என்றால் வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். 50,000 ரூபாவுக்கு "நூற்றுக்கு 24" என்று சொல்லி, ஒரு வருடத்துக்கு 12,000 ரூபாயை முதலிலேயே சேர்த்து மாதம் மாதம் அறவிட்டால், அது 24 அல்ல. நீங்கள் முதலைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருப்பது பாதிக் காசுதான். உண்மை வட்டி நூற்றுக்கு 40ஐத் தாண்டும். 2018இல் வரட்சி மாவட்டப் பெண்களின் ஓர் இலட்சம் வரையான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தது இத்தகைய சுமையைக் கண்டுதான். வீடு விளைச்சல் தராது. வீட்டுக்காக எடுத்த கடனையும் தோட்டமே கட்ட வேண்டும்.

அந்தப் பெரியவரின் தோட்டத்தில் அவ்வருடம் நாலு பரப்பில் வெங்காயம் நின்றது. விதைவெங்காயம் கைக்காசில் வாங்கியது. முன் விறாந்தையின் எஞ்சிய சீமெந்து நிலத்தில், கூரையில்லாத இடத்தில், கிளறிய வெங்காயத்தைப் பரவிக் காயப் போட்டிருந்தார்கள். "இடம் வீண்போகவில்லை, பாதர்" என்றார் அவர். அடுத்த கூரையை எப்போது போடுவார் என்று நான் கேட்கவில்லை.