பாராட்டும் பழியும்

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் 'கஜா' புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்னரே 80,000க்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தனர். அரசைப் பலரும் பாராட்டினர். எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலினும் பாராட்டினார். மறுநாளோ, நிவாரணம் கிட்டாத மக்கள் புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் சாலையை மறித்தனர். அரசு வாகனங்கள் தீக்கிரையாயின.

ஒரே நாளில் மக்கள் கருத்து மாறிவிட்டதா? இல்லை, அன்பர்களே! முதல் நாள் பேசியவர்கள் வேறு. மறுநாள் பேசியவர்கள் வேறு. மின்கம்பங்கள் சாய்ந்து, தொலைபேசியும் ஓய்ந்துபோன உட்கிராமங்களின் குரல் முதல் நாள் செய்திகளில் ஒலிக்கவில்லை. முன்னெச்சரிக்கையால் பல உயிர்கள் தப்பியது உண்மை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில், பிள்ளையென வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்து குடும்பங்கள் வாழ்விழந்ததும் உண்மையே. வாகனங்களை எரித்தது தவறுதான். ஆயினும் அக்கோபத்தின் பின்னிருந்த பசியைக் கலகம் என்று ஒதுக்கிவிடலாகாது.

நம் துவாக்குடியைக் கடந்து செல்லும் தஞ்சைச் சாலையே கடலோர மாவட்டங்களுக்கும் வழி. இனியொரு புயற்செய்தியைப் படிக்கும்போது ஒன்று கேட்போம்: கடைசிக் குடிசையில் இருப்பவரை யாரேனும் விசாரித்தனரா? அதற்குமுன் பாராட்டுவதும் அவசரமே, பழிப்பதும் அவசரமே.